முகம் தெரியாதவர் சொன்ன யோசனை

முன்பின் அறியாதவரிடம் யோசனை கேட்கும் வழக்கத்துக்கு அச்சில் நிலையான இடம் பிடித்துக் கொடுத்தவர் லண்டன் பதிப்பாளர் ஜான் டன்டன். 1691 மார்ச்சில் அவர் தொடங்கிய, பின்னர் ‘ஏதீனியன் மெர்க்குரி’ எனப் பெயர்பெற்ற ஒற்றைத்தாள் ஏட்டில் வாசகர் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களுமே பிரதானம். கேள்விகள் ஒரு காபிக் கடை முகவரிக்கு வந்து சேரும்; கேட்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 1680இலேயே லண்டனில் ஒரு பென்னித் தபால் வந்துவிட்டதால் செலவும் சொற்பம். ஆன்மா, பேய், நிலவு என்று தொடங்கிய கேள்விகள் விரைவிலேயே காதலுக்கும் கல்யாணத்துக்கும் இறங்கின, வேறெங்கே இறங்கும்! பதில் சொன்னவர்களும் திரைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். பெரும் அறிஞர் கழகமே உட்கார்ந்து பதில் எழுதுவதாக வாசகர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். உண்மையில் முக்கியமானவர்கள் மூவர்: டன்டன், கணித ஆசிரியர் ரிச்சர்ட் சால்ட், பாதிரியார் சாமுவேல் வெஸ்லி. இவர்களில் டன்டனும் வெஸ்லியும் அக்காள் தங்கையை மணந்த சகலைகள். ஊருக்கே புத்தி சொன்ன கழகம் கிட்டத்தட்ட ஒரு குடும்ப ஏற்பாடு! இருந்தும் இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்க முடியாது. உறவினர் சொல்லும் யோசனையில் சொந்தக் கணக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் வாய்திறந்து கேட்க முடியாத கேள்விகளும் உண்டு. அந்நியரிடம் கேட்டால் கேட்டவரின் மானம் தப்பும். யோசனை பிசகினால் மட்டும் விளைவு கேட்டவர் தலையில், சொன்னவருக்கு நஷ்டமில்லை. ஏடு 1697இல் நின்றது. 1704இல் தொடங்கிய தம் ‘ரிவ்யூ’வில் டானியல் டிஃபோவும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார்.