பசளை எதுவானாலும் சுமப்பவர் நாமே

சேதனப் பசளையா, இரசாயனப் பசளையா என்ற பேச்சு நாட்டில் இன்னும் ஓயவில்லை. அமைச்சர்கள் பேசுகிறார்கள், நிபுணர்கள் பேசுகிறார்கள், கம்பனிகளும் பேசுகின்றன. அந்தப் பசளையை மலைக்குச் சுமந்துபோய்ச் செடிக்குப் போடுகிற எம்மிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை.

2021ஆம் ஆண்டை நாம் மறக்க முடியாது. மார்ச் மாதம் 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. மே மாதம் இரசாயனப் பசளை, களைநாசினி, பூச்சிமருந்து இறக்குமதியைத் தடை செய்து இன்னொரு வர்த்தமானி வந்தது. நவம்பரில் அரசாங்கம் தடையை விலக்கிக்கொண்டது. ஆனால் அதன் பிறகு டொலர் தட்டுப்பாடு இன்னும் கடுமையானது. பசளை விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாக இறங்கியது.

இந்தக் கணக்கு பத்திரிகைகளில் வந்தது. எமது கொழுந்துக் கூடையின் கணக்கு வரவில்லை. சம்பளம் உயர்ந்ததும் பல தோட்டங்களில் 20 கிலோவும் அதற்கு மேலும் கேட்டார்கள். செடியில் கொழுந்து குறைந்தபோது அந்த அளவைக் குறைக்க மனம் வரவில்லை. நாள் முழுவதும் மலையில் நின்றும் அரைப் பேருடன் லயத்துக்குத் திரும்பினார்கள் எமது பெண்கள்.

இதனால் சேதன முறையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஊவாவில் 1980களிலிருந்தே அந்த முறையில் தேயிலை வளர்க்கும் தோட்டங்கள் உண்டு. மண்ணைப் பக்குவப்படுத்த ஆண்டுகள் வேண்டும். நாடு முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்ற முனைந்ததே தவறு. இரசாயன மருந்தின் தீங்கையும் நாம் அறிவோம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் எமது ஆட்கள்தானே.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நூற்றுக்கு 2 பங்கு நைதரசன் இருந்தாலும், அதே 23 கிலோவுக்கு 1000 கிலோவுக்கு மேல் எரு வேண்டும். ஒரு மூடை ஏறிய மலையில் இருபதுக்கு மேற்பட்ட மூடைகள் ஏற வேண்டும். மருந்து அடிக்காவிட்டால் புல்லைக் கையால்தான் வெட்ட வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் பேர் எங்கே?

ஆகவே எமது நிலைப்பாடு இதுதான். எந்த மலையில் முறை மாறினாலும் முதலில் தொழிற்சங்கத்துடன் பேச வேண்டும். விளைச்சல் குறையும் காலத்தில் கொழுந்து அளவும் குறைய வேண்டும். எரு சுமப்பதற்கும் புல்வெட்டுக்கும் முழுப் பேர் போட வேண்டும். சேதனத் தேயிலைக்குக் கம்பனி கூடுதல் விலை பெற்றால் அதில் எமக்கும் பங்கு வேண்டும். மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை கொடுக்காமல் வேலைக்கு அனுப்பக் கூடாது.

தோட்டத் தலைவர்களே, மாதர் தலைவிகளே! உங்கள் தோட்டத்தில் எந்த மலைக்கு எப்போது பசளை போட்டார்கள், அதன் பின் ஒருவர் சராசரியாக எத்தனை கிலோ எடுத்தார், எத்தனை பேருக்கு அரைப் பேர் விழுந்தது என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் கம்பனி தன் கணக்கை விரிக்கும்போது, நாமும் எமது கணக்கை விரிக்க வேண்டும்.