கம்பெனி விற்பனையா? ஆள் விற்பனையா?

பார்சல் கம்பெனிகளில் பெரியவற்றுள் ஒன்றாகிய டெல்லிவரி, தனக்குப் போட்டியாயிருந்த ஈகாம் எக்ஸ்பிரஸை சுமார் 1,400 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஜூனில் இந்தியப் போட்டி ஆணையமும் சம்மதம் கொடுத்துவிட்டது. பங்குக்காரர்களின் பங்குக்கு என்ன விலை என்பது காசு பிசகாமல் கணக்கிடப்பட்டது. ஆனால் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்துக் கிடங்குகளில் இராப்பகலாய் மூட்டை பிரிக்கின்றவர்களுக்கும், வெயிலில் வண்டியோட்டி வீடுவீடாய்க் கொண்டுபோய்க் கொடுக்கின்றவர்களுக்கும் இப்படிப்பட்ட வியாபாரங்களில் என்ன விலை என்று யாராவது கேட்டதுண்டா என்று நாம் கேட்கின்றோம்.

ஈகாம் ஏன் விலைபோயிற்று? அதன் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி, மீஷோ என்ற ஒரே வியாபாரியிடமிருந்து வந்து கொண்டிருந்தது. மீஷோ, வால்மோ என்பதாகத் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டு சரக்கை அதன் பக்கம் திருப்பவே, ஈகாமின் காலடி மண் சரிந்தது. 2024ல் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட மனுப்போட்ட கம்பெனி, மறுவருஷமே கைமாறிற்று. பங்குக்காரன் நஷ்டப்பட்டாலும் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு போகின்றான். கூலிக்காரன் எதைப் பெற்றுக்கொண்டு போவது?

"இன்னும் புளூடார்ட் இருக்கின்றது, டி.டி.டி.சி. இருக்கின்றது, தபாலிலாகா இருக்கின்றது. போட்டி எங்கே செத்தது?" என்று சிலர் கேட்கலாம். சரக்கு அனுப்புகின்ற வியாபாரிக்கு அது சமாதானமாயிருக்கலாம். ஆனால் கூலிக்காரனுக்கு வேண்டிய போட்டி வேறு. ஒருவன் பார்சலுக்கு இவ்வளவென்ற கூலியைக் குறைத்தால், பக்கத்துக் கிடங்குக்குப் போய்விடலாம் என்ற தைரியம்தான் அவனுக்குள்ள ஒரே ஆயுதம். இரண்டு கிடங்கும் ஒரே முதலாளியுடையதானால், அந்த ஆயுதம் பிடுங்கப்பட்டதாகாதா? சரக்கின் விலை ஏறுமா என்று பார்க்கின்ற கண்ணுக்கு, கூலி இறங்குமா என்பது மாத்திரம் ஏன் தெரிவதில்லை?

கேட்டால் "சந்தை விதி" என்கின்றார்கள். நேற்றுவரை "தலைவிதி" என்று சொல்லி நம்மை அடக்கினார்கள். இன்று தலை போய்ச் சந்தை வந்திருக்கின்றது. விதி மாத்திரம் போகவில்லை! கிடங்கும் வண்டியும் கூலி விகிதமும் மனிதன் ஏற்படுத்தியவையேயன்றி ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம்.

தமிழ்நாட்டில் 2023ல் இணையவழித் தொழிலாளர்க்கு நலவாரியம் ஏற்பட்டது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இவர்கள் பெயர் ஏறியிருக்கின்றது. பெயர் ஏறினால் வயிறு நிறைந்துவிடாது. ஒரு கம்பெனி மற்றொன்றை வாங்கும்போது எத்தனை பேரை வைத்துக்கொள்ளும், கூலி குறையாதா என்பவற்றை எழுதிக் கொடுத்த பின்னரே சம்மதம் என்று சட்டம் செய்யட்டும்.

தோழர்களே! முதலாளிகள் கம்பெனிப் பெயர் பாராமல் ஒன்றுசேருகின்றார்கள். நீங்கள் மாத்திரம் சட்டையின் நிறம் பார்த்துப் பிரிந்து நிற்பானேன்?