காந்தம் விற்கிறவர்களும் நாமும்

காந்தத்தால் ஒரு வேதிவினையை மாற்ற முடியுமா? வெப்பம், செறிவு, வினையூக்கி என்று பரீட்சைக்கு எழுதிப் பழகிய நாம் 'முடியாது' என்றுதான் சொல்வோம். ஆனால் முடியும்! அதற்காக தி.நகர் நடைபாதையில் காந்தக் காப்பு விற்கிறவர் சொல்வது உண்மை என்று ஆகிவிடாது.

சில மூலக்கூறுகளில் ஒளி பட்டதும், ஜோடி இல்லாத எலெக்ட்ரான் ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு இரண்டு தனி உறுப்புகள் பிறக்கின்றன. அவை சேர்ந்திருப்பது நானோ வினாடிக் கணக்கில். மிஞ்சினால் சில மைக்ரோ வினாடி. இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிராக இருந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரே பக்கமாக இருந்தால் ஒட்டாமல் வேறு பொருளாகப் போகும். இந்த நிலையிலிருந்து அந்த நிலைக்கு மாறுவதில்தான் காந்தப்புலம் கை வைக்கிறது. அடையாறு சிக்னல் வண்டியைத் தள்ளுகிறதா என்ன? எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்!

வலசைப் பறவைகள் திசை அறிவது இப்படித்தானோ என்று 1978-இல் கிளாஸ் ஷுல்டனும் சகாக்களும் கேட்டார்கள். ஐரோப்பிய ராபின் குருவியின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் 4 என்ற புரதம் ஆய்வுக்கூடத்தில் காந்தப்புலத்துக்கு அசைந்து கொடுத்தது 2021-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. உயிருள்ள குருவிக்குள் அதேதான் நடக்கிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமே அதைப்போல் நூறு மடங்கு இருக்கும். 'அப்படியானால் காப்பு இன்னும் நன்றாக வேலை செய்யுமே' என்பார்கள். ஜோடி வேண்டாமா சார்? தண்ணீரிலும் பெட்ரோலிலும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவை. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்றால், ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. லேசாகத் தள்ளத்தான் செய்கிறது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டி விற்ற காசில் ஒரு காப்பு வாங்கி வந்து, "ஏண்டா, நீ கெமிஸ்ட்ரி படிக்கிறியே, முட்டி வலி இதுக்குக் கேக்குமா?" என்றாள் அம்மா. வகுப்பில் தப்பாகச் சொன்னால் மார்க் போகும். இங்கே ரெண்டு நாள் வியாபாரம் போகும். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கேள்வி நம்மிடம்தான் வருகிறது.

'காந்தமாவது வேதியியலாவது' என்று ஒரே போடாகப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. விற்கிறவர் நாளைக்கு அந்த ராபின் கட்டுரையையே நீட்டுவார். அம்மா யாரை நம்புவாள்? எந்த மூலக்கூறு, எந்த ஜோடி, எத்தனை சதவீத மாற்றம் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அடுத்த கிராக்கியைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்.