விழிப்புணர்வு என்னும் சாக்கு

“வடசென்னை மக்களிடம் விழிப்புணர்வு இல்லை.” சுகாதாரம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த வாக்கியம்தான் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் கலர் வாங்கிக் குடிக்கிறார்களா? விழிப்புணர்வு இல்லை. பெரியவருக்கு வாதம் அடித்துப் பேச்சு போய்விட்டதா? வீட்டாருக்கு விழிப்புணர்வு இல்லை. எனக்கு இந்தச் சொல்லின் மேலேயே சந்தேகம். செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டதை, தெரிந்துகொள்ள வேண்டியவர் தெரிந்துகொள்ளவில்லை என்று திருப்பிப் போடும் வேலையைத்தான் இது பெரும்பாலும் செய்கிறது.

முதலில் பிள்ளைகள். கல்மண்டபத்தில் ஆறாம் வகுப்புப் பையன் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். “சுகர் வரும் சார், பல்லு சொத்தையாவும்” என்று கடகடவென்று சொல்வான். சொல்லிவிட்டு நேராகப் போய் ஒரு பாட்டில் வாங்குவான். ஏன்? வெயில். தாகம். கையில் பத்து ரூபாய். கடை வாசலில் விளக்குப் போட்ட ஃபிரிட்ஜ், அதன் மேல் அவனுக்குப் பிடித்த நடிகரோ கிரிக்கெட் வீரரோ சிரிக்கும் படம். இத்தனைக்கும் எதிரே அவன் கையில் இருப்பது போன மாதம் போட்டிக்கு அவனே வரைந்த ஒரு போஸ்டர். இது நியாயமான சண்டையா?

கணக்கைப் பார்ப்போம். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி குடித்தால் 25 கிராம் தாண்டும். அதாவது ஆறு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கடுமையான அளவுகோலின்படி, வளர்ந்த மனிதருக்கே சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் நிற்பது நல்லது. பையன் ஒரே மூச்சில் அதை முடித்துவிடுகிறான்.

இது பாட்டிலில் எழுதியிருக்குமே என்பீர்கள். எந்த மொழியில்? உணவு லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் கட்டாயம் இல்லை. கஃபீன் கலந்த எனர்ஜி பானத்தில் ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று போட்டாக வேண்டும். போடுகிறார்கள், பொடி எழுத்தில், அவனுக்குச் சரளமாக வராத மொழியில். அறிய வேண்டியதை அவன் மொழியில் சொல்லாமலே, அவனுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது என்ன வாதம்? சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் கருப்பு எண்கோண முத்திரை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அது புரியும்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. வீடும் பள்ளியும் கடையும் தோளோடு தோள் உரசி நிற்கும் இந்தத் தெருக்களில் 50 மீட்டர் டேப்பைப் பிடித்துப் பாருங்கள், எத்தனை கடை அதற்குள் விழுகிறது என்று. உடனே, “பெட்டிக்கடைக்காரர் பொழப்பு என்னாவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் ஆயா கடையில் ரெய்டு நடத்தச் சொல்லவில்லை. விளம்பரப் பலகையையும் கம்பெனி ஃபிரிட்ஜையும் முதலில் அகற்றச் சொல்கிறேன். 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. பொருந்தினாலும் அது இன்னொரு பலகைதான்.

2017 மார்ச்சில் தமிழக வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்றன. தண்ணீர் யாருடையது, லாபம் யாருக்கு என்பதே அன்றைய கேள்வி. பிள்ளையின் உடம்பில் எவ்வளவு சர்க்கரை ஏறுகிறது என்பதல்ல. சர்க்கரைக்குச் சுதேசி, விதேசி கிடையாது.

இப்போது அந்தப் பையனின் வீட்டுக்குள் வாருங்கள். மூலையில் தாத்தா. ஒரு பாட்டில் கலரால் வாதம் வராது. அப்படிச் சொல்கிறவன் பொய் சொல்கிறான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஏறும் எடை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு எல்லாம் சேர்ந்து பக்கவாதத்துக்கு வழி போடும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. அஃபேசியா என்கிறார்கள். 1861இல் பாரிஸில் ப்ரோகா என்ற மருத்துவர், ‘தான்’ என்ற ஓரசையைத் தவிர வேறெதுவும் பேச வராத ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடது பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது.

தாத்தாவுக்கு நாம் பேசுவது பெருமளவு புரியும். டீ வேண்டும் என்று மனதில் இருக்கும். ‘டீ’ என்ற சொல் வராது. வேறு சிலருக்குப் பேச்சு ஆறாக ஓடும், பொருள் இருக்காது. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் சிலருக்கு வரும். பாட்டு வரும். கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். உடனே, “நடிக்கிறாருப்பா”, “புத்தி பெரண்டுடுச்சு” என்கிறார்கள். இல்லையென்றால் செவிடரிடம் கத்துவதுபோல் கத்துகிறார்கள். அவருக்குக் காதும் கேட்கிறது, புத்தியும் இருக்கிறது. இல்லாதது சொல்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை விளக்கும்போது அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியது. கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சை வருகிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட சேவைகளில் பேச்சுப் பயிற்சி இல்லை. கால் வராதவரைத் தேடி ஆள் வருகிறார். சொல் வராதவரை யார் தேடுவது?

பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. தினக்கூலிக்குப் போகும் மகன் பஸ் பிடித்து அழைத்துப் போய் முடிகிற காரியம் அல்ல. அது அவர் பேசிய பேச்சிலேயே நடக்கவும் வேண்டும். காசிமேட்டில் வலை இழுத்தவருக்கு ஆப்பிள் படம் எதற்கு? வஞ்சிரத்தையும் சங்கராவையும் நெத்திலியையும் காட்டுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசியவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைக் கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

ஆக, கேட்பது நாலே நாலு. பள்ளியில் குளிர்ந்த, நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர். 50 மீட்டர் விதிக்கு ஒரு டேப். லேபிளில் தமிழும் முகப்பில் ஒரு முத்திரையும். வீடு தேடி வரும் குழுவில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். இதில் எதுவும் கல்மண்டபத்துச் சனங்கள் விழித்துக்கொள்ளாததால் நின்றுபோனதல்ல.

பையனுக்கு ஓட்டு இல்லை. தாத்தாவுக்கு ஓட்டு இருக்கிறது, மனு சொல்ல வாய் இல்லை. அதனால்தான் இருவருக்கும் விழிப்புணர்வு ஊர்வலம் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.