காய்ச்சல் என்று எழுதாதீர்கள்

தெரிந்த குடும்பம் ஒன்று இந்த மாசியில் முதன்முதலாகப் பனிச்சறுக்கப் போகிறதாம். "அண்ணை, என்னென்ன வாங்க வேணும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டது.

சுவிசில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு "ஸ்கி லாகர்" கடிதம் தெரியும். பள்ளிக்கூடம் ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போகும். கடிதத்தோடு நீளமான உடுப்புப் பட்டியலும் வரும். முதல் கடிதம் வந்தபோது விலைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மூத்தவனுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கிழமை முழுக்க அவன் யன்னலடியில் இருந்தான். இன்றுவரை ஏன் என்று கேட்டதில்லை.

இளையவளை அனுப்பினேன். பருத்தி பெனியன், இரண்டு சுவெற்றர், இரண்டு சோடி மேசு. முதல்நாள் இரவே ரெலிபோன்: "அப்பா, நனைஞ்சு விறைச்சுப் போனன்." பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும். குளிர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

என் கருத்து இதுதான். உடம்போடு ஒட்டுவதை வாங்குங்கள், மற்றதை வாடகைக்கு எடுங்கள். கம்பளி அல்லது செயற்கை நூலில் மெல்லிய உள்ளுடுப்பு, அதற்குமேல் ஒரு சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேல் ஈரம் புகாத யக்கெற்றும் காற்சட்டையும். நீளமான மேசு ஒரு சோடி மட்டும். இரண்டு போட்டால் சப்பாத்து இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் குளிரும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஸ்கி, சப்பாத்து, ஹெல்மெற் மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதற்கும் எடுக்கலாம். கடைக்காரர் நிறை கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் பூட்டை நிறை, உயரம், அனுபவம் பார்த்துத்தான் சரிசெய்வார்கள். விழும்போது அது கழராவிட்டால் கால் முறியும். "எனக்கு ஓடத் தெரியும்" என்ற புளுகும் வேண்டாம்.

கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவாக நாளுக்கு அதிகபட்சம் 16 பிராங்தான் கேட்கலாம் என்று 2017இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடுப்புக்கு வசதி இல்லையென்றால் ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இரவல் வாங்கியோ பழசு வாங்கியோ அனுப்புங்கள்.

காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள்.