ஊசி போட்டாச்சு... அப்புறம்?

சிவகாசிப் பக்கம் 'கண்ணு போச்சு' என்றால் முதலில் ஞாபகம் வருவது வெடி விபத்துதான். சத்தமே போடாமல் பார்வையைத் தின்னும் சர்க்கரையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்த 100 பேரில் சுமார் 14 பேருக்கு சர்க்கரை!

விழித்திரையின் நடுவில் மாகுலா என்று ஓர் இடம். காலண்டரில் தேதி பார்ப்பது, கணக்கு நோட்டு படிப்பது எல்லாம் அதன் தயவில்தான். சர்க்கரையால் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்தால் மாகுலா வீங்கும். எழுத்து மங்கும், நேர்கோடு நெளியும். பெரும்பாலும் முதலில் போடுவது கசிவை அடக்கும் அவாஸ்டின் வகை ஊசி. ஆரம்பத்தில் மாதாமாதம் போக வேண்டும். அதில் சரிவராதவர்களுக்கும், அடிக்கடி வர முடியாதவர்களுக்கும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் துணுக்கைக் கண்ணுக்குள் வைத்தால் மெள்ளக் கரைந்து சில மாதம் வேலை செய்யும்.

"அய்யய்யோ, ஸ்டீராய்டா!" என்று அலற வேண்டாம். என் பயம் வேறு.

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் முகாம்களும், நம் பக்கத்தில் கண்புரை ஆபரேஷனை வீட்டுப் பேச்சாக்கிவிட்டன. லென்ஸ் வைத்தார்கள், முடிந்தது! பெரியவர்களுக்குக் கண் வைத்தியம் என்றால் இதுதான். அதே கணக்கில், ஸ்டீராய்டு ஊசி போட்டு எழுத்து தெளிவானதும் 'இனி எதுக்குப்பா மதுரைக்கு பஸ் ஏறணும்?' என்று இருந்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான்.

ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். (கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் இல்லை, இது வேறு.) பெரும்பாலும் வலியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு கெடும், போனது திரும்பாது. அளந்து பார்க்கச் சில நிமிஷம்தான். ஏறியிருந்தால் பலருக்குச் சொட்டு மருந்திலேயே அடங்கிவிடும். புரை வளர்வதும் உண்டு, அதை எடுத்துவிடலாம். ஏற்கெனவே லென்ஸ் வைத்தவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

தீபாவளிக்கு முன்பு பட்டாசுக் கடையிலும், வருஷக் கடைசியில் காலண்டர் அச்சகத்திலும் லீவு கேட்க வாய் வராது, வாஸ்தவம்தான். அதனால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "எந்தெந்த வாரம் அழுத்தம் பார்க்கணும்? அதை மட்டும் எங்க ஊர்க் கண் டாக்டர்கிட்டயே பார்த்துக்கலாமா?" கூடப் போவது மகனா, மருமகளா என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். ஊசிக்குப் பணம் கட்டுகிற பிள்ளைகள் ஒரு நாள் லீவுக்கு முகம் சுளிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் கண் வலித்தாலோ, சிவப்பு கூடினாலோ, பார்வை இறங்கினாலோ டாக்டர் சொன்ன தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்விடுங்கள்.