மருந்துக்கு விலை சமயமோ?

அறப்பணி செய்வார் நற்செய்தியும் உடன் உரைக்கலாமா என்று இன்று வழக்காடும் இரு திறத்தாரும் புன்னைக்காயலை நினைத்தல் நன்று.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-37-இல் கிறித்தவராயினர். அவரை மாற்றியது நற்செய்தியன்று. கடலிற் பகைவரிடமிருந்து காத்தற்குப் போர்த்துக்கீசியர் பெற்ற விலை அது. 1542-இல் வந்த சவேரியார், தாம் கிறித்தவர் என்பதன்றி வேறொன்றும் அம்மக்கட்குத் தெரியாமை கண்டார். சொல்லித்தர ஆங்குத் தமிழறிந்தார் இலர். இதனைச் சமயப் பரப்பல் என்பதினும் வாணிகம் என்பதே பொருந்தும்.

பின்வந்த அண்டிரிக் அடிகளாரும் போர்த்துக்கீசியரே. ஆயினும் தமிழை முறையாகக் கற்றார், இலக்கணம் வரைந்தார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேற்றினார். (தமிழனே தமிழெழுத நாணும் இந்நாளில் இது சிறிதன்று!) 1550-ஐ ஒட்டிப் புன்னைக்காயலில் மருத்துவமனையும் அமைத்தார். அவர் வாய்மூடி யிருந்தாரல்லர். வந்ததே சமயஞ் சொல்லத்தானே! ஆனால் விளங்கும் மொழியிற் சொன்னார். விளங்கிக்கொண்டவன் மறுக்கவும் வல்லவனாகிறான்.

ஆகவே சொல்லுதல் குற்றமன்று. மருந்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்லுவதே குற்றம். 'வேண்டா' என்று சொல்ல அவனுக்கு அப்பொழுது ஏது துணிவு? கோவிலிலும் தெருவிலும் தூய தமிழிற் சொல்லட்டும், விரும்புவார் கேட்கட்டும். மருத்துவமனையில் அவன் நோயை மட்டும் கேட்டால் போதும்.